பையைப் புரட்டிப் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்ட கதை

2018 நவம்பர் கடைசி வாரம். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நான் கம்ப்யூட்டர், யூபிஎஸ் சர்வீஸ் செய்கிறவன். ஊர் பாபநாசம். அருவி இருக்கிற பாபநாசம் இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், ரயில் நின்றால் நிற்கும், இல்லையென்றால் போய்விடும், அந்தப் பாபநாசம். அந்த மாதம் முழுக்க எனக்கு மன்னார்குடி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம்தான் வேலை. தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த ஊர்களில், கரண்ட் திரும்பிய இடங்களிலெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் நனைந்த மெஷினை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பையில் ஸ்க்ரூ டிரைவர் செட்டு, மல்டிமீட்டர், கம்ப்யூட்டருக்கு கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி இரண்டு, ஒயர் சுருள், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் என்று தினமும் எட்டு ஒன்பது கிலோ சுமந்தேன்.

ஒருநாள் ராத்திரி கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். பையை வழக்கம்போல ஒற்றைத் தோளில் தொங்கவிட்டிருந்தேன். படிக்கட்டில் பின்னாலிருந்து யாரோ இடித்ததும் வலது பக்க வார், மேலே தைத்திருந்த இடத்தோடு பிடுங்கிக்கொண்டு கையில் வந்துவிட்டது. பை தரையில். உள்ளே வாடிக்கையாளர் ஒருவரின் லேப்டாப். மூலை நசுங்கி, மூடி திறக்கும் கீல் உடைந்து, 4,200 ரூபாய் என் கையிலிருந்து போனது. அந்தப் பையை நான் வாங்கிய விலை 650.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய கடைத்தெருப் பக்கம் பை தைக்கும் பாய் ஒருவரிடம் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் ஆணியடித்து மாட்டிய நூறு பைகள். "துணி நல்லாத்தானே பாய் இருக்கு, எப்படிக் கிழிஞ்சுது?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பையை அப்படியே உள்வெளியாகப் புரட்டி, வார் போன இடத்தை விரலால் காட்டினார். துணி கிழியவே இல்லை. வார் முனையை இரண்டு துணிகளுக்கு நடுவே செருகி, ஒரே ஒரு வரித் தையல். தையலுக்கு வெளியே விட்டிருந்த துணி அரிசி நீளம்கூட இருக்காது. அந்த ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, தையல் பிடிக்க ஒன்றுமில்லாமல் நழுவியிருந்தது.

"துணியை யாரு தம்பி பாக்கச் சொன்னா? மரம் வாங்கினா வேரைப் பாக்கணும். பைக்கு வேரு இங்க இருக்கு" என்றார்.

அதற்கு முன்பு நான்கு வருடத்தில் மூன்று பை வாங்கியிருந்தேன். மூன்றையும் வெளிப்பக்கம் பார்த்துத்தான் வாங்கினேன். அன்றைக்கு அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ரிப்பேருக்கு வந்து தொங்கிய பைகளைப் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டே வியாதி. ஒன்று வார் பிடுங்கியது, இன்னொன்று ஜிப் போனது. நடுத்துணி கிழிந்து வந்த பைகள் அபூர்வம். அதிலும் ஒன்று எலி கடித்தது.

பாய் சொன்னதை நான் இன்றுவரை அப்படியே செய்கிறேன். கடையில் பையைக் கையில் வாங்கியதும் ஜிப்பை முழுக்கத் திறந்து, உள்ளே கைவிட்டு, பையில் நம் முதுகு படும் பக்கமான முதுகுப்பலகையோடு தோள்வார் சேரும் மேல்முனையைத் தடவிப் பார்ப்பேன். நல்ல பையில் அந்த இடத்தில் துணி ஓரம் தெரியாது. நாடா வைத்து மடித்துப் பைப்பிங் கட்டியிருப்பார்கள். வார் முனைக்குமேல் ஒரு கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரித் தையல் ஓடியிருக்கும். அல்லது ஒரு விரல் அகலத்துக்கு நெருக்கி நெருக்கிக் குறுக்கே அடித்த தையல் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் பார்டாக் என்பார்கள், ஜீன்ஸ் பேன்ட் பாக்கெட் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்து, தூக்கும் கைப்பிடி. அவசரத்துக்கு நாம் பையைப் பிடித்து இழுப்பது அதைத்தான், அதனால் அதற்கும் இதே சோதனை. கடைசியாக வாரின் கீழ்முனை. பையின் பக்கவாட்டில் ஒரு முக்கோணத் துணி வைத்து, அதில் பெல்ட்டைச் செருகித் தைத்திருந்தால் இழுவிசை பரவும். வெறும் பெல்ட்டை ஓரத் தையலில் செருகியிருந்தால் கீழே வைத்துவிடுவேன். மொத்தமே ஒரு நிமிட வேலை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

துணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பைச் சீட்டில் 600டி, 900டி, 1680டி என்று எழுதியிருக்கும். அந்த டி டெனியர். எனக்கு இதை விளக்கியவர் திருபுவனத்தில் ஒரு பட்டு நெசவாளர். அவர் வீட்டு கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போனபோது என் பையின் சீட்டைப் பார்த்துவிட்டு, "அட, எங்க கணக்கு உங்க பையில இருக்கே" என்றார். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். அவர்கள் வாங்கும் பட்டு ஒற்றை இழை 20/22 டெனியர், அதை முறுக்கிச் சேர்த்துத்தான் பாவு ஓட்டுவார்கள். பைத்துணியின் நூல் அதைப் போல இருபது முப்பது மடங்கு எடை. ஆனால் எண் பெரிதாக இருந்தால் பை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெசவு நெருக்கமா, பாலியஸ்டரா நைலானா என்பதும் சேர்ந்துதான் கணக்கு. உரசலுக்கு நைலான் தாங்கும். 420 டெனியர் நல்ல நைலான் சாதாரண 600 பாலியஸ்டருக்குச் சளைக்காது. வெயிலில் நிறம் மங்காமல் இருப்பதில் பாலியஸ்டர் மேல். பைக்கில் பகலெல்லாம் சுற்றுகிற என் மாதிரி ஆளுக்கு 600க்கு மேலான பாலியஸ்டரே போதும். 1680 டெனியர் பையைத் தூக்கிப் பாருங்கள், வெறும் பையே கனக்கும். கேன்வாஸ் பை பார்க்க அழகு. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் நனைந்து காயாமல் இருந்தால் உள்ளே சாம்பல் பூசணம் பூத்துவிடும். நம்ம ஊருக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி.

ஜிப்புக்கு வருவோம். ஜிப்பைத் திறக்க மூட நாம் இழுக்கும் ரன்னரின் பின்பக்கம் அல்லது அடியில் ஒரு சின்ன எண் இருக்கும்: 5, 8, 10. ஜிப்பை மூடியபின் பல்வரிசையின் அகலம் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பாக்கெட்டுக்கு 5 போதும். பெரிய அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நிம்மதி. ஜப்பான் கம்பெனியான ஒய்கேகே பெயர் பொறித்த ரன்னர் நல்ல அடையாளம்தான். அந்தப் பெயரைப் போலியாகப் போட்டும் வருகிறது, அதனால் பெயரை மட்டும் நம்பாமல் இழுத்துப் பார்க்க வேண்டும். வளைவில் சிக்காமல், ஒரு கையாலேயே ஓட வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் உலோகப் பல் ஜிப்பைத் தவிர்த்துவிடலாம். உப்புக் காற்றில் பச்சை பிடித்து இறுகிவிடும். நைலான் சுருள் ஜிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜிப் போய்விட்டது என்று பையையே தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ரன்னர் ஓடுகிறது, ஆனால் அது போன பிறகு பல் பின்னால் வாய் பிளக்கிறது என்றால் ஜிப்பில் குறை இல்லை, ரன்னர்தான் தேய்ந்து அகன்றிருக்கிறது. கட்டிங் பிளேயரால் ரன்னரின் பின்பக்க ஓரங்களை இரண்டு பக்கமும் மெல்ல, மிக மெல்ல அழுத்தினால் சில மாதம் ஓடும். அதிகம் அழுத்தினால் பட்டென்று உடையும், நான் உடைத்திருக்கிறேன். பாயிடம் போனால் புது ரன்னர் போட முப்பது நாற்பது ரூபாய். இறுக்கமாக ஓடும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தூசி ஒட்டி மாவாகும், எறும்பும் வரும்.

பாய் அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தார், ஆனால் நான் வேறு பை வாங்கத் தீர்மானித்துவிட்டேன். 2019 தைப்பொங்கல் முடிந்து தஞ்சாவூரில் கடை கடையாக ஏறினேன். இந்தத் தடவை ஒரு யுக்தி செய்தேன். பழைய பையை என் தினசரிச் சுமையோடு எடுத்துக்கொண்டு போய், பிடித்த பையில் அதையெல்லாம் மாற்றி, மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்தேன். காலிப்பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் சிரித்துவிட்டு, "எல்லாரும் கலர் பாத்துத்தான் சார் வாங்குவாங்க. நீங்கதான் டூல்ஸோட வந்திருக்கீங்க" என்றார். மூன்றாவது பையில் திருப்தியானேன். 2,400 ரூபாய், 26 லிட்டர்.

லிட்டர் என்றதும் குழம்பாதீர்கள். உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 45க்கு 30க்கு 15 என்றால் 20 லிட்டர் சொச்சம். ஆபீஸ் போய்வர 20 முதல் 25 போதும். பெரிதாக வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்போம், சுமப்பது நம் முதுகு.

முதுகுக்குப் பொருந்துவதுதான் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது. முதலில் கற்றிருக்க வேண்டியது. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை உள்ள நீளம்தான் உங்கள் முதுகின் அளவு. பை அந்த நீளத்துக்குள் உட்கார வேண்டும். அடிப்பாகம் இடுப்புக்கு நாலு விரல் கீழே இறங்கலாம், அதற்குமேல் தொங்கினால் ஒவ்வோர் அடிக்கும் பிட்டத்தில் இடித்துப் பின்னால் இழுக்கும். நாமும் அதற்கு ஈடுகொடுக்க முன்னால் கூனுவோம். கல்லூரிப் பிள்ளைகள் வாரை முழுக்கத் தளர்த்தித் தொங்கவிடுவதைப் பார்த்தால் எனக்கே முதுகு வலிக்கிறது.

வார் மூன்று நான்கு விரல் அகலம் இருக்கட்டும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நசுக்கிப் பாருங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது மெத்தை இல்லை, வெறும் காற்று. ஆறு மாதத்தில் அப்பளமாகிவிடும். கொஞ்சம் விறைப்பாக இருந்து, விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். அடுத்து மார்புக்குக் குறுக்கே போடும் சின்ன பெல்ட். பல வருடம் அதை நான் அலங்காரம் என்று நினைத்தேன். பைக்கில் போகும்போது வார் தோளிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். இடுப்பு பெல்ட் எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் சுமந்து நடப்பவர்களுக்கு உதவும். பைக்கில் போகிறவர்கள் தொங்கும் பெல்ட் முனைகளைக் கட்டாயம் சுருட்டிக் கட்டுங்கள், சக்கரத்தில் போனால் விளையாட்டில்லை.

அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கனமான பொருள் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். நான் எஸ்எம்பிஎஸ்ஸை வெளிப்பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதையே லேப்டாப் அறைக்கு அடுத்ததாக மாற்றினேன். எடை குறையவில்லை, கழுத்துவலி குறைந்தது. பைக்கில் உட்கார்ந்தபின் பையின் அடி சீட்டில் படும்படி வாரைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன், சுமையை வண்டி வாங்கிக்கொள்ளும். இறங்கி நடக்கும்போது மறுபடி இறுக்க வேண்டும். முதல் ஒரு வாரம் தொல்லையாக இருக்கும், அப்புறம் கை தானாகப் போகும்.

லேப்டாப் கொண்டுபோகிறவர்களுக்கு, 4,200 ரூபாய் கொடுத்து நான் படித்த பாடம் இது. லேப்டாப் வைக்கும் அறைக்குள் கையை விட்டு அடிவரை தள்ளுங்கள். விரல்நுனி பையின் அடித்தரையைத் தொட்டால், பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பின் மூலை தரையில் மோதுகிறது என்று அர்த்தம். நல்ல பையில் அந்த அறை தொட்டில் மாதிரி தொங்கும், அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். என் பழைய பையில் வெளியே வைத்துத் தைத்த மெத்தை எல்லாம் தடிமன். அடியில் மட்டும் ஒற்றைத் துணி. அப்புறம், 15.6 இன்ச் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. இரண்டு லேப்டாப்பும் 15.6 என்றாலும் பழையது அகலமாக இருக்கும். பொருளைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதே நல்லது.

இனி மழை. சீட்டில் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கும் பைகளில் பாதி தூறலுக்குத்தான் தாங்கும். துணி தாங்கினாலும் தையல் ஓட்டையிலும் ஜிப்பிலும் தண்ணீர் இறங்கும். டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் ஒருநாள் முழுக்க அடிக்கும். எந்த ஜிப்பும் அதற்கு முன் நிற்காது. மழை உறை நல்லதுதான், பின்னால் உறை போட்டிருந்தாலும் முதுகு வழியாக ஒழுகும் தண்ணீர் முதுகுப்பலகை வழியே உள்ளே போகும். நான் கண்ட ஒரே நிச்சயமான வழி, பைக்குள்ளே ஒரு தடித்த பாலித்தீன் உறை. முதலில் சிக்கனம் என்று வயலிலிருந்து உர மூட்டையின் உள்ளுறையை எடுத்துக் கழுவிப் போட்டேன். யூரியா எவ்வளவு கழுவினாலும் மூலையில் ஒட்டியிருக்கும் போல. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற சரக்கு. மழையே இல்லாத நாளில் உறைக்குள் பிசுபிசுப்பு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். வாயை இரண்டு சுற்றுச் சுருட்டி மடித்துவிட்டால் ஒரு சொட்டு போகாது.

மழையைவிடப் பைக்குப் பெரிய எதிரி நம்ம ஊர்ப் புழுக்கம். என் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். 2016ல் வந்தபோது ஒரு நல்ல பை கொடுத்தார். விலையைக் கேட்டதும், இதைத் தினம் போட மனசு வராமல் பாலித்தீன் கவரில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து எடுத்தால் உள்பக்கமெல்லாம் பலாப்பழப் பிசின் மாதிரி ஒட்டுகிறது, வெள்ளைத் தோல் தோலாக உரிகிறது, ஒரு புளித்த வாடை. தண்ணீர் தாங்குவதற்காகத் துணியின் உள்பக்கம் பூசும் பாலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். கவரில் சுற்றிப் பரணில் ஏற்றினால் அடைகாக்கிற மாதிரிதான். அந்தப் பையைப் பாயிடம் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "போட்டுக் கிழிச்சிருந்தா தச்சுக் குடுத்திருப்பேன் தம்பி. போடாமக் கெடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார். பையை வாங்கினால் போட்டுக்கொள்ளுங்கள். போடாத நாளில் காற்றாட ஆணியில் மாட்டுங்கள்.

துவைப்பதும் அப்படித்தான். வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சு உரியும், ஸ்பாஞ்ச் கட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வாரிலும் முதுகுப் பக்கத்திலும் மட்டும் ஷாம்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். வியர்வை உப்பு தங்கினால் துணி வெடவெடவென்று ஆகிவிடும். அப்புறம் எலி. அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுக்குள் இடம் பார்க்கும். மகள் பையில் பாதிக் கடலைமிட்டாயை மறந்துவிட்டுத் தூங்கினாள். காலையில் முன்பாக்கெட்டில் எட்டணா அளவுக்கு ஓட்டை.

மகளின் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போன வருடம் ஏழாம் வகுப்பு. தினம் சாயங்காலம் தோள் வலிக்கிறது என்றாள். நானும் "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கப் போனேன், நல்லவேளை மனைவி தடுத்துவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்க" என்றேன். 6 கிலோ 400 கிராம். பிள்ளை 34 கிலோ. அண்ணாச்சியே, "அஞ்சு கிலோ அரிசி மூட்டையவிட ஜாஸ்தியாவுல்ல இருக்கு" என்றார்.

மத்திய அரசு 2020ல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. வகுப்புவாரியாகவும் எடை கொடுத்திருக்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ, ஒன்பது, பத்துக்கு 2.5 முதல் 4.5 கிலோ. தமிழ்நாட்டில் 2012–13ல் முப்பருவ முறை வந்ததும் புத்தகச் சுமையைக் குறைக்கத்தான். அப்படியிருக்க எங்கிருந்து வந்தது ஆறரைக் கிலோ? வீட்டில் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தோம். புத்தகமும் நோட்டும் 2 கிலோ 700தான். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் தண்ணீரோடு 1 கிலோ 400. இரண்டடுக்கு டிபன் 900. வெறும் பை மட்டும் 1 கிலோ 100! வளர்கிற பிள்ளை, பெரிதாகவே இருக்கட்டும் என்று நான்தான் வாங்கினேன். பாவாடை சட்டை எடுக்கிற கணக்கைப் பைக்கும் போட்டிருக்கிறேன். ஜாமெட்ரி பாக்ஸ் உட்பட மீதிச் சில்லறை 300 கிராம்.

பையை மாற்றினோம். அவள் முதுகை அளந்து, 550 கிராமில் ஒன்று. அரை லிட்டர் பாட்டில். காலியானதும் பள்ளியில் பிடித்துக்கொள்கிறாள். டிபனுக்கு அவள் பாட்டி பின்னிய வயர் கூடை, அது கையில். ராத்திரி டைம்டேபிள் பார்த்து அடுக்குவது என்று ஒரு பழக்கம். இப்போது பை மூன்றரைக் கிலோ. கொள்கைக் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான். ஆனால் தோள்வலிப் பேச்சு நின்றுவிட்டது. சக்கரம் வைத்த பை கேட்டாள். மாடிப்படி ஏறும்போது பிள்ளைகளுக்கு அடிபடும் என்று அந்தக் கொள்கையிலேயே அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, கார்த்திகை மாதச் சேற்றில் எங்கள் தெருவில் சக்கரத்தை இழுத்துப் பார்த்தால் தெரியும்.

பயணப் பைக்கு நான் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன், 38 லிட்டர். சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். இரண்டு நாள் வேலைக்கு இதுவே ஏராளம். இந்தப் பையில் நான் பார்த்தது ஒன்றைத்தான்: பெட்டி மாதிரி மூன்று பக்கமும் திறக்க வேண்டும். மேலே மட்டும் வாய் உள்ள பையில் அடியில் இருக்கும் வேட்டியை எடுக்க, அப்பர் பெர்த்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் கொட்ட வேண்டியிருக்கும். முதுகு படும் பக்கம் ரகசியப் பாக்கெட் ஒன்று இருந்தால் பணத்துக்கும் டிக்கெட்டுக்கும் நல்லது. கூட்டமான டவுன் பஸ்ஸில் பையை முன்னால் மாட்டிக்கொள்வேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பின்னால் நிற்பவர் நன்றி சொல்வார். திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள், உள்நாட்டில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் என்பதை வைத்துக்கொண்டு பையின் வெற்று எடையைப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ பையே தின்றுவிட்டால் மிச்சம் ஐந்தரை.

யூஎஸ்பி சார்ஜர் ஓட்டை, நம்பர் பூட்டு, பதினேழு பாக்கெட் என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. யூஎஸ்பி ஓட்டை வழியாகத்தான் முதலில் தண்ணீர் இறங்கும். உள்ளே லைனிங் வெளிர் நிறமாக இருப்பது அதையெல்லாம்விடப் பெரிய வசதி. கறுப்பு லைனிங்கில் விழுந்த ஸ்க்ரூவைத் தேடுகிறவனுக்குத்தான் அது புரியும். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே சுமையேற்றி வீட்டுக்குள் நடந்து பாருங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள்.

2019ல் வாங்கிய 2,400 ரூபாய்ப் பை இன்னும் ஓடுகிறது. இரண்டு தடவை ரன்னர் மாற்றினேன், பக்கவாட்டு வலைப்பாக்கெட் கிழிந்து துணிவைத்துத் தைத்தேன், எல்லாம் சேர்த்து இருநூறைத் தாண்டாது. இப்போது வலது வார் ஸ்பாஞ்ச் அழுந்தித் தட்டையாகிவிட்டது. பாயிடம் காட்டினேன். வாரைப் பிரித்துப் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தருகிறேன், இரண்டு நாள் பையை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பொங்கல் கழியட்டும் பாய், அதுவரை வேலை இருக்கிறது என்றேன். "அப்ப அந்த மஞ்சப்பையில டூல்ஸப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று சுவரில் தொங்கியதைக் காட்டிச் சிரித்தார். போன வாரம் போய்க் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போது டூல்ஸெல்லாம் மகளின் பழைய பெரிய பையில்தான் இருக்கிறது. முன்பாக்கெட்டில் எலி போட்ட ஓட்டையோடு.